லாபுவின் வானமும் நம் பிள்ளைகளின் புகைமூட்டக் கட்டுரைகளும்



படிவம் 5 மாணவர்களுக்கு ஒரு பயிற்சிக் கட்டுரை கொடுத்திருந்தேன். தலைப்பு புதியதல்ல: 'புகைமூட்டத்தின் விளைவுகளும் களையும் வழிகளும்'. தாள்களைத் திருத்த உட்கார்ந்தால் எல்லாம் ஒரே கட்டுரை மாதிரி இருந்தன. 'இன்றைய நவீன உலகில்' என்று தொடங்கி, 'அரசு கடுமையான நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று முடிகின்றன. நடுவில் 'வீட்டை விட்டு வெளியே செல்லக் கூடாது', 'முகக்கவரி அணிய வேண்டும்', 'தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டும்'. பாதித் தாள்கள் தாண்டியதும் எனக்கே தண்ணீர் குடிக்கணும் போல் ஆகிவிட்டது.

ஒரு தாளில் மட்டும் கை நின்றது. லாபு தோட்டத்துப் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி எழுதியது. 'புகைமூட்டக் காலத்தில் நாம் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்' என்று எழுதி, அதற்கடுத்து ஒரு வாக்கியம் எழுதி, அதை அவளே கோடு போட்டு அடித்திருந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். 'ஆனால் என் அம்மா வெளியேதான் இருப்பார்.'

ஏன்ம்மா அடிச்சே என்று கேட்டேன். "மாதிரிக் கட்டுரையில அப்படி இல்ல டீச்சர்" என்றாள்.

அந்த அடித்த வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகளில் பலர் செம்பனைக்கும் ரப்பருக்கும் நடுவில் வளர்ந்தவர்கள். காற்றையும் மழையையும் புகையையும் ஏட்டில் படிக்காமலே தெரிந்துவைத்திருப்பவர்கள். ஆனால் பேனாவைத் தொட்டதும் எங்கோ யாரோ எழுதியதைத்தான் எழுதுகிறார்கள். லாபுவில் நின்றுகொண்டு இந்த விஷயத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். ஆசிரியர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்

வீட்டில் நாம் சொல்வது 'ஜெரெபு'. தேர்வில் எழுத வேண்டியது 'புகைமூட்டம்'. இதுவரை குழப்பமில்லை. ஆனால் பலர் புகைமூட்டத்தையும் 'பனிமூட்டம்' அல்லது 'மூடுபனி'யையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். மூடுபனி என்பது நீர்த்துளி. இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து, நுண்ணிய துளிகளாகிக் காற்றில் தொங்குவது. நீலாயிலிருந்து சிரம்பானுக்கு விடியற்காலைக் கொமுட்டர் ரயிலில் போனால், லாபு நிலையத்தைத் தாண்டும்போது செம்பனைப் பள்ளங்களில் வெள்ளையாகப் படுத்திருப்பது பெரும்பாலும் இதுதான். வெயில் ஏறியதும் போய்விடும். வாசனை இருக்காது.

புகைமூட்டம் வெயில் ஏறினாலும் போகாது. சூரியன் செம்மஞ்சள் தட்டாகத் தெரியும், கண் கூசாமல் பார்க்கலாம் போலிருக்கும் (பார்க்காதீர்கள்). தொண்டை கரகரக்கும். கொடியில் காயும் துணியில் குப்பை எரித்த வாடை வரும். இந்த வேறுபாட்டை இரண்டு வரியில் முன்னுரையில் சொல்கிற மாணவர் எழுதும் கட்டுரை, முதல் பத்தியிலேயே மற்றக் கட்டுரைகளிலிருந்து பிரிந்து நிற்கும்.

இன்னொரு சொல் 'தூய்மைக்கேடு'. 'காற்று மாசு' என்பதும் சரிதான், 'காற்றுத் தூய்மைக்கேடு' என்பதும் சரிதான். நம் நாட்டில் இரண்டாவதுதான் அதிகம் வழங்குகிறது. ஒரே கட்டுரையில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'மாசுக்கேடு' என்று இரண்டையும் சேர்த்துக் கலப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இரவல் வாங்கிய பருவங்கள்

இதுதான் எனக்குப் பெரிய தலைவலி. பிள்ளைகள் இணையத்தில் தமிழ்க் கட்டுரை தேடுகிறார்கள். கிடைப்பதில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. அங்கிருந்து அப்படியே தூக்கி, 'தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தில் பொழியத் தொடங்கும்' என்று எழுதிவிடுகிறார்கள். கேரளாவுக்கும் நீலகிரிக்கும் கன்னியாகுமரிக்கும் அது சரி. லாபுவுக்கு நேர்மாறு.

நமக்கும் தென்மேற்குப் பருவக்காற்று உண்டு. ஏறக்குறைய மே கடைசி அல்லது ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை நீடிக்கும். ஆனால் தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரைக்கு அது பொதுவாக வறண்ட காலம். காரணம் சுமத்ரா. அந்தத் தீவின் முதுகெலும்பு போல மேற்கு ஓரமாக ஓடும் புக்கிட் பாரிசான் மலைத்தொடர், இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை அங்கேயே பிழிந்துவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் வரும்போது காற்றில் ஈரம் குறைந்திருக்கும். புவியியலில் இதை மழை மறைவுப் பகுதி என்று படித்திருப்பீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே இருக்கும் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஜூன், ஜூலையில் என்ன நடக்கிறதோ, ஏறக்குறைய அதேதான் நமக்கும் நடக்கிறது. தமிழ்நாட்டு உதாரணத்தைத் தூக்கத்தான் வேண்டுமென்றால் இதைத் தூக்குங்கள்.

வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரிலிருந்து மார்ச் வரை. அது கிளந்தான், திரங்கானு, பகாங் கரைகளை வெள்ளத்தில் முக்கும். நமக்கும் கிழக்குக் கரைக்கும் நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. அதனால் லாபுவில் அந்த அடைமழை கிடையாது. நம் மாநிலத்திலேயே மலைக்குள் ஒளிந்திருக்கும் ஜெலுபு மாவட்டத்துக் கோலா கிளாவாங் நாட்டில் மழை குறைந்த இடங்களில் ஒன்று என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அப்படியென்றால் லாபுவுக்கு மழை எப்போது? இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில். ஏப்ரல், மே ஒரு தடவை. அக்டோபர், நவம்பர் இன்னொரு தடவை. அப்போது காற்றுக்கு நிலையான திசை இருக்காது. காலையில் சுள்ளென்று வெயில், மத்தியானம் மோடம் போடும், பள்ளி விடுகிற நேரத்தில் இடி மின்னலோடு கொட்டும். வறட்சி பிப்ரவரியை ஒட்டி ஒரு முறை, ஜூன் ஜூலையில் ஒரு முறை. ஆகவே 'மலேசியாவில் கோடைக்காலம், மழைக்காலம் என இரு பருவங்கள் உண்டு' என்று எழுதுவதும் சரியில்லை. இளவேனில், முதுவேனில், கார், கூதிர் என்று இலக்கியத்தில் படிக்கும் ஆறு பருவங்களை லாபுவின் மேல் ஒட்டுவது அதைவிடச் சரியில்லை. அவை வேறொரு நிலத்தின் நாட்காட்டி.

தோட்டத்தில் இந்த நாட்காட்டி வேலையில் தெரியும். என் பாட்டி பால் வெட்டியவர். ரப்பர் மரத்தை விடியுமுன் வெட்டக் காரணம், வெயில் ஏறாத அந்த நேரத்தில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம். பால் நன்றாக ஒழுகும். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது, பால் கோட்டை விட்டு வழிந்து போகும். மங்குக்குள் மழைத்தண்ணீர் விழுந்தால் வெட்டியதும் வீண். ஆக, ஒரு நாள் கூலி விடியற்காலை வானத்தில் தொங்கும். பாட்டி சொல்வார்: "சாயங்காலம் இடிச்சா பயமில்ல. விடியக்காலம் கடல் பக்கம் கறுத்தா, போகாதே." அவர் வானிலை படித்தவரில்லை. ஆனால் அவர் சொன்னதற்குப் பெயர் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் இரவு நேரத்தில் சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் உருவாகி, வரிசையாகக் கிழக்கே நகர்ந்து, விடியுமுன் நம் கரையைத் தாக்கும் புயல்காற்று மழையை வானிலையாளர்கள் 'சுமத்ரா' என்றே அழைக்கிறார்கள். வறண்ட பருவத்தில் வரும் மழை அது. ஓரிரு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும்.

பிப்ரவரி, மார்ச் வறட்சியில் ரப்பர் மரம் இலை கொட்டும். காடே குச்சியாக நிற்கும், காய்ந்த இலை காலுக்குக் கீழே நொறுங்கும், புது இலை துளிர்க்கும் வரை பால் குறையும். இப்போது லாபு வட்டாரத்தில் பெரும்பாலும் செம்பனை என்பதால் இந்தக் காட்சியைப் பல பிள்ளைகள் பார்த்ததில்லை. செம்பனை வறட்சியை உடனே காட்டிக்கொள்ளாது. அதற்குத் தண்ணீர் பற்றாமல் போனால் பெண் பூங்கொத்து குறைந்து ஆண் பூங்கொத்து கூடும். அதன் விளைவு ஓராண்டு, இரண்டாண்டு கழித்துக் குலை எண்ணிக்கையில் தெரியும். இந்த வருஷம் காய்ந்ததற்கு அடுத்த வருஷம் லோரி பாதி நிறைந்து போகும். 'விளைவுகள்' என்ற தலைப்பில் எழுத இப்படி ஒரு கருத்து இருக்கும்போது, எதற்கு 'சுற்றுலாத்துறை பாதிக்கும்' என்று எல்லாரும் எழுதுவதையே எழுத வேண்டும்?

புகை எங்கிருந்து

இப்போது புகைக்கு வருவோம். நிறையப் பேர் 'தொழிற்சாலைகளும் வாகனங்களும் வெளியிடும் புகையே புகைமூட்டத்திற்குக் காரணம்' என்று எழுதுகிறார்கள். அவை ஆண்டு முழுதும் காற்றைக் கெடுக்கின்றன, உண்மை. ஆனால் செப்டம்பர் மாதத்தில் மட்டும் திடீரென்று கார்கள் பெருகிவிடுவதில்லையே. பருவத்தோடு வருகிற புகைக்குப் பருவத்தோடு சேர்ந்த காரணம் இருக்க வேண்டும்.

அந்தக் காரணம் சுமத்ராவின் ரியாவ், ஜாம்பி, தென் சுமத்ரா மாநிலங்களிலும் கலிமந்தானிலும் எரியும் நிலம். அங்கே பரந்து கிடப்பது மலாயில் தானா கம்புட் என்று சொல்கிறோமே, அந்த மண். பல ஆயிரம் ஆண்டுகளாக மரமும் இலையும் தண்ணீருக்குள் விழுந்து, முழுதும் மக்காமல் படிந்து படிந்து உருவான சதுப்பு. சில இடங்களில் பல மீட்டர் ஆழம். தண்ணீர் நிற்கும்வரை எரியாது. பயிரிடுவதற்காகக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால், அது மண் இல்லை, விறகு. நிலத்தைத் துப்புரவாக்க வைக்கும் தீ மேலே அணைந்த பிறகும் கீழே கனன்றுகொண்டே போகும். கொழுந்து விட்டு எரியாமல் கனல்வதால்தான் அவ்வளவு புகை. உமி மூட்டத்தையோ ஈர விறகு அடுப்பையோ பார்த்தவர்களுக்கு இது புரியும். மேலே தண்ணீர் ஊற்றினால் போதாது. நிலத்தடி நீர் மட்டம் ஏறினால்தான் அடங்கும். அதனால்தான் அங்கே நல்ல மழை பிடித்தவுடன் இங்கே வானம் தெளிகிறது.

அங்கிருந்து எப்படி இங்கே வருகிறது? தென்மேற்குப் பருவக் காலத்தில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே காற்று தென்கிழக்கிலிருந்து வீசும். கோட்டைத் தாண்டியதும் வளைந்து தென்மேற்கிலிருந்து வீசும். தென் சுமத்ராவில் எழும் புகை அந்த வளைவில் ஏறினால் நேரே நம் பக்கம்தான். போர்ட்டிக்சனை ஒட்டிய தஞ்சோங் துவானுக்கும் எதிரே சுமத்ராவை ஒட்டிக் கிடக்கும் ரூபாட் தீவுக்கும் இடையே கடல் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் அகலம்தான். இடம்பெயரும் பருந்துகள் அந்தக் குறுகலைப் பார்த்துத்தான் அங்கே கடலைத் தாண்டுகின்றன. பருந்து தாண்டும் இடத்தில் புகை தாண்டாதா? இந்தப் பக்கம் வந்த புகைக்குக் கிழக்கே மலை. காற்று மந்தமாக இருந்து, விடியற்காலையில் கீழே குளிர்காற்றும் மேலே சூடான காற்றும் மூடி போட்டது மாதிரி அமைந்துவிட்டால், புகை தரையோடு தங்கிவிடும். பேருந்துக்கு நிற்கும் நேரம் பார்த்து மோசமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லா ஆண்டும் ஒரே அளவில் வராது. பசிபிக் பெருங்கடலில் எல் நினோ வலுக்கும் ஆண்டுகளில் இந்தோனேசியாவில் மழை தள்ளிப்போகும், தீ நீளும். 1997, 2015, 2023 மூன்றும் அப்படிப்பட்டவை. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் வெப்பமாகி, சுமத்ராவை ஒட்டிய பக்கம் குளிர்ந்துவிட்டாலும் இதே வறட்சிதான். 2019இல் நடந்தது அது. ஆனால் 2013 ஜூனில் எல் நினோ இல்லை. ரியாவில் எரிந்தது, காற்று நேரே ஜொகூர் பக்கம் தள்ளியது, ஜூன் 23ஆம் தேதி மூவாரில் குறியீடு 746ஐத் தொட்டது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஆகவே எல் நினோ மட்டும் தீ மூட்டுவதில்லை. நெருப்பை வைப்பது மனிதன். வானிலை அதை விசிறிவிடுகிறது.

எண் என்ன சொல்கிறது

தேர்வில் எண் போட்டு எழுதினால் நல்லது என்று நாம்தான் சொல்லிக்கொடுக்கிறோம். அதை நம்பி ஒரு பையன் 'காற்று 150 விழுக்காடு மாசடைந்தது' என்று எழுதியிருந்தான். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு விழுக்காடு இல்லை. அது ஓர் அளவுகோல். 0 முதல் 50 வரை நல்ல நிலை, 51 முதல் 100 மிதமானது, 101 முதல் 200 ஆரோக்கியமற்றது, 201 முதல் 300 மிகவும் ஆரோக்கியமற்றது, 300க்கு மேல் அபாயகரமானது. 500ஐத் தாண்டினால் அவசரநிலை பற்றிப் பேசுவார்கள். 1997 செப்டம்பரில் சரவாக் அவசரநிலையை அறிவித்தது. கூச்சிங்கில் எண் 800ஐத் தாண்டியது. 2005 ஆகஸ்டில் கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அறிவித்தார்கள்.

இந்த 2005ஆம் ஆண்டுக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. 1997 புகைமூட்டத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் குறியீட்டு எண்களை அரசாங்கம் பொதுமக்களுக்கு வெளியிடவில்லை. சுற்றுப்பயணிகள் பயந்துவிடுவார்கள் என்ற கவலை. 2005 ஆகஸ்டில் மூச்சு முட்டிய பிறகுதான் எண்கள் மீண்டும் வெளியே வந்தன. இன்று கைப்பேசியைத் தட்டினால் மணிக்கு மணி எண் வருகிறது. அது எப்போதும் இருந்த வசதி இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கருத்து விளக்கக் கட்டுரைக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

எண்ணைப் படிக்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, சுற்றுச்சூழல் துறை ஆறு பொருள்களை அளக்கிறது: இரண்டு வகை நுண்துகள், கந்தக டையாக்சைடு, நைட்ரஜன் டையாக்சைடு, ஓசோன், கார்பன் மோனாக்சைடு. இவற்றில் எது மிக மோசமோ அதன் எண்தான் குறியீடு. புகைமூட்டத்தில் அது பெரும்பாலும் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான துகள். தலைமுடியின் தடிமனில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு மயிர் இதைத் தடுக்காது; நுரையீரலின் கடைசி அறை வரை போகும். 2018இலிருந்துதான் இந்தத் துகளையும் சேர்த்துக் குறியீட்டைக் கணக்கிடுகிறார்கள். அதனால் அதற்கு முந்திய ஆண்டுகளின் எண்ணை இன்றைய எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது.

இரண்டாவது, துகளின் கணக்கு கடந்த 24 மணி நேரச் சராசரி. ஆகவே எண் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். புகை திடீரென்று வந்த காலையில் கண் எரியும், எண் 90தான் காட்டும். தெளிந்த பிறகும் எண் 130இல் நிற்கும். லாபுவுக்கென்று தனி நிலையமும் இல்லை. நம் மாநிலத்தில் நீலாய், சிரம்பான், போர்ட்டிக்சன் ஆகிய இடங்களில் நிலையங்கள் உள்ளன. லாபு நீலாய்க்கும் சிரம்பானுக்கும் நடுவில். 2023 அக்டோபர் தொடக்கத்தில் இரண்டுமே 100ஐத் தாண்டின. 100க்கு மேல் போனால் பள்ளியில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும், 200க்கு மேல் போனால் பள்ளியை மூட வேண்டும் என்பது விதி. 2015 அக்டோபரில் நம் மாநிலம் உட்படப் பல மாநிலங்களில் பள்ளிகளை மூடினார்கள். ஆனால் ஓரிடத்தில் 98, இன்னோரிடத்தில் 104 என்றிருக்கும் காலையில் என்ன செய்வது? நான் ஒரு முறை 98ஐ நம்பி வகுப்பைத் திடலுக்கு அனுப்பியிருக்கிறேன். இழுப்பு உள்ள ஒரு பையன் பதினைந்து நிமிஷத்தில் மதிலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பம்ப் பையில் இருந்தது, பை வகுப்பில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தோம், சரியாகிவிட்டது. அன்றிலிருந்து எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் திடலின் அந்தக் கோடி மரம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

லயத்துக்குள் புகை

மாதிரிக் கட்டுரையின் அறிவுரைகளைத் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். 'கதவு சாளரங்களைச் சாத்த வேண்டும்.' பழைய லயத்து வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் காற்றுக்காகவே இடைவெளி விட்டிருப்பார்கள். சாத்த என்ன இருக்கிறது? சாத்தினாலும், உள்ளே கொசுவர்த்திச் சுருள் எரியும். ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்குச் சமம் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் சேர்ந்தால் வெளியே இருப்பதே மேல் என்று ஆகிவிடும். புகைமூட்ட நாள்களில் சுருளை அணைத்துவிட்டுக் கொசுவலை கட்டுங்கள் என்று எழுதலாம். இது நம் வீட்டுக்குப் பொருந்தும் யோசனை.

'முகக்கவரி அணிய வேண்டும்.' எந்தக் கவரி? சாதாரண நீலக் கவரி எச்சில் தெறிப்பதைத் தடுக்கும். விளிம்பின் வழியே நுண்துகள் புகுந்துவிடும். என்95 வகை முகத்தோடு ஒட்டி நின்றால்தான் பலன். அதைப் போட்டுக்கொண்டு செம்பனைக் குலை வெட்டிப் பாருங்கள், வேர்த்து மூச்சு வாங்கும். உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் குனிந்து குனிந்து வேலை செய்கிறார்கள். உழைக்கும் உடல் ஓய்ந்திருக்கும் உடலைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கும். எண் 150 என்றால் அது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அவர்களுக்கும் ஒரே 150 இல்லை. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய வருமானம் குறையும். அந்தப் பிள்ளை அடித்த வாக்கியத்தில் இவ்வளவும் இருந்தது.

செம்பனைக்கும் பாதிப்பு உண்டு. புகை வெயிலை மறைத்தால் இலை உணவு தயாரிப்பது குறையும். மகரந்தத்தைக் கொண்டுபோகும் சிறு வண்டு ஒன்று இருக்கிறது. கேமரூன் நாட்டிலிருந்து 1981இல் நம் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள். அது வருவதற்கு முன் கையால் மகரந்தம் தூவியிருக்கிறார்கள். செம்பனை விளைச்சல் எத்தனை சின்னப் பொருள்களின் மேல் நிற்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'தோட்டங்கள்தான் எரிக்கின்றன' என்று ஒரே வரியில் தள்ளிவிடக் கூடாது. நம் நாட்டிலும் ஒரு காலத்தில் பழைய மரங்களை வெட்டிச் சாய்த்து எரித்துவிட்டுத்தான் மறுநடவு செய்தார்கள். பிறகு எரிக்காமல், செம்பனைத் தண்டைச் சீவி நிரைகளுக்கு நடுவே குவித்து மக்கவிடும் முறை வந்தது. அதை முன்னெடுத்த கோல்டன் ஹோப் நிறுவனம் 1992இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருதைப் பெற்றது. மக்கும் தண்டு மண்ணுக்கு உரம். ஆனால் அதிலேயே காண்டாமிருக வண்டு முட்டையிட்டு இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். அதற்கும் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். எரிப்பது மலிவு, எரிக்காமலிருப்பது செலவு. வசதியுள்ள நிறுவனத்தால் அந்தச் செலவைத் தாங்க முடியும்; சிறு நிலக்காரரால் முடிவதில்லை. 'களையும் வழிகள்' எழுதும்போது இந்த இடத்தைத் தொட்டால், சிறு நிலக்காரருக்கு இயந்திரம் வாடகைக்குக் கொடுப்பது, மானியம் தருவது என்று உருப்படியான யோசனை தானாக வரும்.

சட்டம் பற்றி எழுதுகிறவர்கள் பெயரோடு எழுதுங்கள். நம் நாட்டில் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. ஆசியான் நாடுகளின் எல்லை கடந்த புகைமூட்டத் தூய்மைக்கேட்டு ஒப்பந்தம் 2002 ஜூனில் கோலாலம்பூரில் கையெழுத்தானது. அதிகம் எரியும் நிலம் உள்ள இந்தோனேசியா 2014இல்தான் அதை ஏற்றது. சிங்கப்பூர் அதே 2014இல் தனியாக ஒரு சட்டம் போட்டு, வெளிநாட்டில் எரித்துத் தன் காற்றைக் கெடுக்கும் நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடர வழி செய்துகொண்டது. நாமும் அப்படிச் செய்ய வேண்டுமா என்பது நல்ல விவாதத் தலைப்பு. இந்தோனேசியாவைத் திட்டித் தீர்ப்பதற்கு முன் ஒரு தகவல்: 2015 தீயில் அங்கே 26 லட்சம் ஹெக்டர் எரிந்தது, அவர்களுக்கான இழப்பு 1,610 கோடி அமெரிக்க டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. முதலில் மூச்சுத் திணறுவது அந்த ஊர்ப் பிள்ளைகள்தான்.

வகுப்பில் செய்து பார்த்தது

அடுத்த வாரம் அதே தலைப்பைத் திரும்பக் கொடுத்தேன், ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு கருத்திலும் உங்களுக்குத் தெரிந்த ஓர் இடமோ ஒரு வேலையோ வர வேண்டும். 'இன்றைய நவீன உலகில்' வரக் கூடாது. முனகினார்கள். ஒருவன், "நவீன உலகம் இல்லாம எப்படி டீச்சர் ஆரம்பிக்கிறது?" என்றே கேட்டான். தாத்தாவின் இருமலில் ஆரம்பி என்றேன். ஆரம்பித்தான், நன்றாகவே வந்தது.

'நெருப்பில்லாமல் புகையாது' என்ற பழமொழியையும் பலர் கொண்டுவருகிறார்கள். அது வதந்திக்குப் பின்னால் ஏதோ உண்மை இருக்கும் என்ற பொருளில் வழங்குவது. உண்மையான புகைக்கு அதைப் போட்டால் படிப்பவருக்குச் சிரிப்பு வரும். புகைமூட்டத்துக்கு 'வெள்ளம் வருமுன் அணை போடு' பொருந்தும், அதுவும் தடுப்பு நடவடிக்கை பற்றிய பத்தியில். மேக விதைப்பு பற்றி எழுதினால், வானத்தில் தகுந்த மேகம் இருந்தால்தான் அது பலிக்கும் என்று ஒரு வரி சேருங்கள். வெறும் வானத்தில் உப்பைத் தூவினால் மழை வராது.

அந்த மாணவியின் இரண்டாவது தாளிலிருந்து ஒரு பத்தியை அவள் அனுமதியோடு கீழே தருகிறேன். எழுத்துப் பிழை இரண்டைத் திருத்தியது தவிர நான் எதையும் தொடவில்லை.

'புகைமூட்டக் காலத்தில் வெளியே செல்ல வேண்டாம் என்று அறிவிப்பு வருகிறது. என் அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். மூட்டைக் கணக்கில்தான் சம்பளம். அதனால் குறியீடு 150 ஆனாலும் அவர் வெளியேதான் இருப்பார். மாலையில் வீட்டுக்கு வந்ததும் தலைத்துணியை உதறாமல் நேராக வாளித் தண்ணீரில் போடுவார். தண்ணீர் சாம்பல் நிறமாகும். பள்ளிகளை மூட 200 என்று ஓர் எண் இருப்பதைப் போல, வெளி வேலையை நிறுத்தவும் ஓர் எண் வேண்டும். அந்த நாளுக்குச் சம்பளமும் வேண்டும்.'